எழுத்தாளர் மேசைக்கு ஒரு கொலர் மைக்: பொயா பி.வை-எம்1

மட்டக்களப்பில் ஒரு கவிதைத் தொகுப்போ சிறுகதைத் தொகுப்போ அச்சானால் பெரும்பாலும் முந்நூறு பிரதி, மிஞ்சினால் ஐந்நூறு. வெளியீட்டு விழாவில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று ஒரு பங்கு கைமாறும். மிச்சம் கட்டுக்கட்டாக அலுமாரிக்கு மேல் ஏறும். அந்த விழாவை மூன்று மணித்தியாலம் முகநூலில் நேரலையாகப் போடுவதும் இப்போது வழக்கம். மங்கல விளக்கு, வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் அதில் இருக்கும். நூலிலிருந்து ஒரு வரி இருக்காது. இருந்தாலும் கேட்காது. மண்டபத்தின் பின்வரிசையில் பிடித்த போனுக்குள் ஃபான் இரைச்சலும் கதிரை இழுக்கும் சத்தமும்தான் முதலில் போய்ச் சேர்கின்றன.

வாசகரைத் தேடி வீடியோவுக்கு வரும் எழுத்தாளர் முதலில் விசாரிப்பது கமராவை. அது பிறகு பார்க்கலாம். கையில் இருக்கும் நடுத்தர விலைப் போனின் படம் இந்த வேலைக்குக் காணும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். சொல் விளங்காவிட்டால் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடுவார். எழுத்தாளரிடம் கொடுக்க இருப்பதோ சொல் மட்டும். ஆகவே காசு போக வேண்டிய முதல் இடம் மைக். அந்த வரிசையில் கிழக்கிலங்கையின் போன் கடைகளில் இலகுவாகக் கிடைப்பதும், பலரும் வாங்கிவிட்டு “வேலை செய்யவில்லை” என்று லாச்சிக்குள் போட்டு வைப்பதும் பொயா பி.வை-எம்1 என்ற கம்பியுள்ள கொலர் மைக். அது வேலை செய்யும். ஏன் சிலருக்குச் செய்யவில்லை என்பதுதான் இந்த மதிப்பீட்டில் பாதி.

பெட்டிக்குள் இருப்பது

சட்டையில் குத்தும் கிளிப்போடு கடுகுச் சிமிழ் அளவு மைக். அதற்குப் போட ஒரு பஞ்சு உறை. 6 மீற்றர் கேபிள். கேபிளோடு சேர்ந்தபடி விரல் அளவில் ஒரு சிறு உருளை. அதில் ஒரு சுவிட்சும், எல்ஆர்44 என்ற பொத்தான் பற்றரிக்கான இடமும். கேபிளின் முனையில் 3.5 மி.மீ. பிளக். கூடவே பெரிய சொக்கற்றுக்கு மாற்றும் கால் அங்குல அடப்டர். பாட்டுக் கச்சேரி மிக்ஸருக்கோ பழைய அம்பிளிபயருக்கோ அந்த அடப்டர் பயன்படும். எழுத்தாளருக்குப் பெரும்பாலும் தேவைப்படாது.

மைக் எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்கும் வகை. 65 முதல் 18,000 ஹேர்ட்ஸ் வரை பிடிக்கும் என்று நிறுவனம் சொல்கிறது. மனிதக் குரலுக்கு அது தாராளம். தலையை இடம் வலம் திருப்பினாலும் குரல் ஏறி இறங்காது என்பதால், புத்தகத்தைக் குனிந்து பார்த்து நிமிர்ந்து வாசிப்பவருக்கு இந்த வகையே பொருத்தம். அதே குணம்தான் இதன் தொல்லையும். பக்கத்து வீட்டுக் கோழியையும் அது வேறுபாடின்றி வாங்கிக்கொள்ளும்.

சுவிட்சில் இரண்டு நிலை: ஒன்று போனுக்கு, மற்றது கமராவுக்கு. போனுக்கான நிலையில் அணைப்பு என்றும் சேர்த்து எழுதியிருப்பதால் அநேகம் பேர் பிழைவிடுகிறார்கள். “அணைத்து வைத்தால் எப்படி வேலை செய்யும்?” என்று எண்ணி மற்றப் பக்கம் தள்ளிவிடுவார்கள். போனில் பாவிக்கும்போது அது அணைப்பு நிலையிலேயே இருக்க வேண்டும். மைக்குக்குத் தேவையான சிறு மின்சாரத்தைப் போன் கொடுக்கும், பற்றரியே வேண்டாம். டிஎஸ்எல்ஆர் கமராவில் செருகினால் மட்டும் கமரா நிலை, பற்றரியும் வேண்டும்.

போனில் செருகும் இடம்தான் சோதனை

பிளக்கை உற்றுப் பார்த்தால் மூன்று கறுப்பு வளையம் தெரியும். நான்கு முனைப் பிளக் என்பது இதுதான்: இரண்டு முனை காதுகளுக்கு, ஒன்று மைக்குக்கு, ஒன்று தரைக்கு. ஹெட்போன் செருகும் வட்டத் துளை உள்ள போனில் நேரே செருகலாம். கேட்கும் கருவிக்கும் மைக்குக்கும் தனித்தனித் துளை உள்ள பழைய கணினியில் செருகினால் ஒலி வராமல் போகலாம்; அங்கே நான்கு முனையை இரண்டாகப் பிரிக்கும் சிறு வயர் வேண்டும். ஒரே துளை உள்ள மடிக்கணினியில் அந்தச் சிக்கல் இல்லை.

இப்போதைய போன்கள் பலவற்றில் வட்டத் துளையே கிடையாது. ரைப்-சி அடப்டர் வாங்க வேண்டும். இங்கேதான் காசு வீணாவது. ரைப்-சியிலிருந்து 3.5 மி.மீ.க்கு மாற்றும் அடப்டர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றுக்குள் இலக்கத்தை ஒலியாகவும் ஒலியை இலக்கமாகவும் மாற்றும் சில்லு (டிஏசி என்பார்கள்) இருக்கும். மற்றது வெறும் வயர் இணைப்பு. போனே அந்த மாற்றத்தைச் செய்யும் என்று நம்பிச் செய்தது. சில பழைய மொடல்களில் இரண்டாவது வகை வேலை செய்யும், பெரும்பாலான புதியவற்றில் செய்யாது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இன்னொரு வகை, காதுக்கு மட்டும் ஒலி தரும், மைக்கை எடுத்துப் போகாது. கடையில் “டிஏசி உள்ளதா, மைக்கும் எடுக்குமா?” என்று இரண்டு கேள்வியும் கேளுங்கள். கேட்டதோடு நிற்காமல் கடை மேசையிலேயே செருகிப் பாருங்கள். ஐபோனில் 7ஆம் மொடலிலிருந்து வட்டத் துளை இல்லை. 14 வரை லைட்னிங் அடப்டர், 15இலிருந்து ரைப்-சி.

செருகியதும் போனின் கமரா அதை எடுத்துக்கொண்டதா என்று அறிய ஒரு நிமிடச் சோதனை போதும். பதிவை ஓடவிட்டு, முதலில் போனின் அடிப்பக்கத்தை நகத்தால் மூன்று தட்டு, பிறகு கொலர் மைக்கை மூன்று தட்டு. கேட்டுப் பாருங்கள். போனில் தட்டியது பெரிதாகக் கேட்டால், மைக் செருகியிருந்தும் போன் தன் சொந்த மைக்கைத்தான் பாவிக்கிறது. அன்ட்ரொயிட் போன்களின் சொந்தக் கமராச் செயலி சிலவற்றில் இது நடக்கும். அப்போது மைக்கைக் குறை சொல்ல வேண்டாம். ஓப்பின் கமரா என்ற இலவசச் செயலியை இறக்கி, அதன் வீடியோ அமைப்பில் ஒலி மூலம் என்ற இடத்தில் வெளி மைக்கைத் தெரிவு செய்தால் சரிவரும். லாச்சிக்குள் போன மைக்குகளில் பல இந்த ஒரு அமைப்பைத் தெரியாமல் போனவைதான்.

அடப்டர் சரிவராதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. எங்கள் கணிப்பில் அதுவே சிறந்த வழியும்கூட. கண்ணாடி வெடித்து ஒதுக்கிய பழைய போன் வீட்டில் ஒன்று கிடக்கும். அதில் வட்டத் துளை இருந்தால் அதை ஒலிப்பதிவுக் கருவி ஆக்கிவிடுங்கள். மைக்கை அதில் செருகி, குரல் பதிவுச் செயலியை ஓடவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். புதிய போன் எதிரே நின்று படம் மட்டும் எடுக்கட்டும். இரண்டும் ஓடத் தொடங்கியதும் கமரா பார்க்க ஒருதரம் கை தட்டுங்கள். எடிட் செய்யும்போது இரு கையும் சேரும் படத்தையும், ஒலிக் கோட்டில் எழும் கூரான முள்ளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் உதடும் சொல்லும் பொருந்திவிடும். பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் எடுத்தால் கடைசியில் சற்று விலகும். போன்கள் சீரான வேகத்தில் படம் பிடிப்பதில்லை என்பதே காரணம். மூன்று நிமிடத் துண்டுகளாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கைதட்டு வையுங்கள்.

வேவ் என்ற சுருக்காத ஒலிக் கோப்பாகப் பதியும் வசதி இருந்தால் 48 கிலோஹேர்ட்ஸ், 16 பிற், மோனோ (ஒற்றைத் தடம்) என்று வையுங்கள். நிமிடத்துக்கு ஆறு மெகாபைற் கூட வராது.

இந்த மைக்கில் பதியும்போதே காதில் கேட்டுப் பார்க்க வழியில்லை. ஆகவே முழுவதையும் வாசித்து முடித்த பிறகு ஒலி பதியவில்லை என்று கண்டுபிடிக்கும் ஆபத்து எப்போதும் உண்டு. முதல் இருபது செக்கனைப் பதிந்து, நிறுத்தி, கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். விலையைப் பார்த்தால் இந்தக் குறையை மன்னிக்கலாம்.

எங்கே குத்துவது

நாடியிலிருந்து ஒரு சாண் கீழே, நெஞ்சின் நடுவே. அதைவிட மேலே ஏற்றினால் நாடி மறைத்து குரல் அடைக்கும்; கீழே இறக்கினால் அறையின் எதிரொலி ஏறும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும், அறைச் சத்தம் அப்படியே இருக்கும். எந்தச் செயலியும் செய்ய முடியாத சுத்தம் இந்த ஒரு சாணுக்குள் கிடைக்கிறது.

சட்டை என்றால் பொத்தான் வரிசையில். பட்டுச் சீலையும் கஞ்சி போட்ட பருத்தியும் சரசரக்கும். சீலையின் கரையை ஒரு மடிப்பு மடித்து அந்த மடிப்பில் குத்தினால் உரசல் குறையும். முக்காடோ ஹிஜாபோ அணிபவர்கள் துணிக்கு உள்ளே வைக்காமல் வெளிமடிப்பில் குத்த வேண்டும். உள்ளே வைத்தால் ச, ஸ போன்ற எழுத்துகள் மழுங்கும், தலை அசையும்போதெல்லாம் துணி உரசும். கிளிப்புக்குக் கீழே கேபிளை ஒரு சிறு வளையமாகச் சுற்றிச் செருகினால், கேபிளை யாரும் இழுத்தாலும் அந்த அதிர்வு மைக்குக்குப் போகாது.

6 மீற்றர் கேபிள் வாசலுக்கு அப்பால் நின்று எடுக்கும் அளவுக்கு நீளம். அறைக்குள் அதில் பாதி காலில்தான் சிக்கும். மிச்சத்தை இறுக்கி முடிச்சுப் போடாமல் பெரிய வளையமாகச் சுற்றி வெல்க்ரோ நாடாவால் கட்டுங்கள். முழங்கையில் இறுக்கிச் சுற்றிச் சுற்றியே பிளக்குக்கு அருகில் உள்வயர் அறுந்துபோகும். பஞ்சு உறை கழன்று விழும் சாமான். மைக்கோடு இரண்டு மூன்று மேலதிக உறை வாங்கி வைப்பது நல்லது.

கச்சான் காற்று, கடல், பாண் வண்டி

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் ஒலிப்பதிவுக்குப் பெரிய எதிரி காற்று. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று வீசும்போது, கல்லடிக் கடற்கரையிலோ 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்திலோ நின்று கவிதை வாசித்தால் மைக்குக்குள் கேட்பது படபடவென்ற அடி மட்டுமே. கூட வரும் பஞ்சு உறை அறைக்குள் ப போன்ற எழுத்துகளின் மூச்சடியைத் தடுக்கப் போதும், வெளிக்காற்றுக்குப் போதாது. வெளியே எடுக்க ரோமத்துணி உறை ஒன்று தனியாக வாங்க வேண்டும். அப்படியும் காற்றுக்கு முதுகு காட்டி நின்று, காலை 6 முதல் 7 மணிக்குள் முடிப்பது நல்லது. வெளிச்சமும் அப்போதுதான் இதம்.

கடல் இரைச்சல் வேறு வகை. அது எல்லா அலைவரிசையிலும் பரவியிருக்கும். ச, ஸ, ஷ ஒலிகளும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. சத்தம் குறைக்கும் செயலியால் கடலை அழிக்கப் போனால் அந்த எழுத்துகளும் சேர்ந்து போகும். வாசிப்பவர் பல் கட்டிக் கதைப்பது போலிருக்கும். கடல் வேண்டுமென்றால் படத்தைக் கடற்கரையில் எடுத்து, குரலை வீட்டில் பதிந்து, கடல் ஒலியைத் தனியே மெல்லிதாகக் கீழே ஓடவிடுங்கள். (பாடும் மீனைப் பதியலாமா என்று கேட்பவர்களுக்கு: முடியாது. துடுப்பை வாவிக்குள் இறக்கி மறுமுனையில் காதை வைத்துக் கேட்கும் சங்கதி அது. தண்ணீருக்குள் இறக்கும் மைக் வேறு சாதி.)

வீட்டுக்குள்ளும் தொல்லை குறைவில்லை. ஃபானை நிறுத்தாமல் பதிந்தால் அடியில் ஒரு உறுமல் நிற்கும். தகரக் கூரையும் சீற் கூரையும் மார்கழி மழையில் எதையும் பதியவிடாது. சீமெந்து நிலமும் வெறுஞ்சுவரும் உள்ள முன்னறையில் எதிரொலி எழும். மெத்தையும் உடுப்பு அலுமாரியும் உள்ள படுக்கையறையில் அது அடங்கும். அலுமாரிக் கதவைத் திறந்து உடுப்புகளைப் பார்த்தபடி, முதுகுக்குப் பின்னால் இரண்டு பாயையோ போர்வையையோ தொங்கவிட்டு வாசித்தால் வாடகை ஸ்ரூடியோவுக்கு அருகில் வந்துவிடலாம். நேரமும் பார்க்க வேண்டும். கோயில் ஒலிபெருக்கி, பாங்கு, காலையும் மாலையும் பேத்தோவன் மெட்டோடு வரும் பாண் வண்டி ஆகியவற்றுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளி பெரும்பாலும் இரவு பத்துக்குப் பிறகுதான்.

பதிந்த பிறகு ஓடாசிற்றி என்ற இலவச மென்பொருளில் மூன்று வேலை போதும். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் வடிகட்டி ஃபான் உறுமலை எடுக்கும். சத்தக் குறைப்பை 6 முதல் 9 டெசிபலுக்குள் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் குரல் தகரக் குழாய்க்குள் போகும். கடைசியாக ஒலியளவை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) என்ற அளவுக்குக் கொண்டுவாருங்கள். யூரியூப் அதைவிடச் சத்தமானதைத் தானே குறைக்கும். மெதுவாக ஏற்றியதைக் கூட்டித் தராது. இந்த மைக்கின் ஒலி பொதுவாகச் சற்று மெதுவாகத்தான் வரும் என்பதால் இந்தக் கடைசி வேலையைத் தவறவிட வேண்டாம். ஒரு காதில் மட்டும் கேட்டால் தடத்தை மோனோவாக மாற்றிவிடுங்கள்.

படம் பற்றி இரண்டே வரி. யன்னலுக்குப் பக்கவாட்டில் இருங்கள், யன்னலை முதுகுக்குப் பின்னால் வைக்காதீர்கள். இரவில் ரியூப் லைற்றோ எல்ஈடியோ போட்டு எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டை ஓடலாம்; எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் கமராவின் சட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 செக்கனில் வைத்தால் அது நின்றுவிடும்.

எதை வாசிப்பது

நல்ல மைக் வாங்கியதும் முழுக் கதையையும் வாசித்துப் போடும் ஆசை வரும். வேண்டாம். ஆறுதலாக வாசித்தால் நிமிடத்துக்கு நூறு சொல் அளவில் போகும். இரண்டு நிமிடத்துக்கு இருநூறு சொல். நூலில் அது ஒரு பக்கத்துக்குள் அடங்கும். அந்த ஒரு பக்கத்தைத் தேர்வதில்தான் திறமை இருக்கிறது. கதையின் தொடக்கத்தை எடுக்காதீர்கள். பெரும்பாலான தொடக்கங்கள் வானிலையைச் சொல்கின்றன. இருவர் கதைக்கும் இடத்தையோ ஒரு விடயம் முறுகி நிற்கும் இடத்தையோ எடுங்கள்; அதையும் முடிவுக்கு முதல் வெட்ட வேண்டும். மிச்சத்தை அறியப் புத்தகம்தான் வழி என்று கேட்பவருக்குத் தோன்ற வேண்டும். “அனைவருக்கும் வணக்கம், இன்றைய காணொளியில்” என்று தொடங்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். முதல் வாய்ச்சொல் நூலின் வரியாக இருக்கட்டும்; பெயரும் நூலும் பத்தாவது செக்கனில் எழுத்தில் வந்தால் காணும்.

மட்டக்களப்புப் பேச்சில் எழுதியவர்கள் அந்தப் பேச்சிலேயே வாசிக்க வேண்டும். “என்ன கா”, “வா மனே” என்று அச்சில் இருப்பதை வாசிக்கும்போது வானொலித் தமிழாக நேராக்கினால் கதை செத்துவிடும். வெளியூர் வாசகருக்கு விளங்காத சொல் ஒன்றிரண்டு இருந்தால் திரையில் பொருள் போடலாம். காதால் கேட்கும் அந்த ஓசைதான் அச்சுப் பிரதி தர முடியாத ஒன்று. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் ஊர்க்காரர் முதலில் திறப்பது அதற்காகத்தான்.

தாளை மைக்குக்கு மேல் பிடித்து வாசித்தால் தாளின் சத்தம் நெஞ்சில் விழும். பக்கங்களைத் தனித்தனியாக அச்சடித்து, புரட்டாமல் ஒவ்வொன்றாகக் கீழே போடுங்கள். அல்லது கமராவுக்கு அருகில் மடிக்கணினியில் பெரிய எழுத்தில் வையுங்கள்.

திரையில் தமிழ் உடைவது

முகநூலில் பெரும்பாலானோர் சத்தம் இல்லாமலே வீடியோவைக் கடந்து போகிறார்கள். அவர்களை நிறுத்த எழுத்து வேண்டும். அந்த எழுத்தைப் போடும்போதுதான் இலங்கை எழுத்தாளரின் பழைய நோய் வெளிப்படுகிறது: நூல் முழுவதும் பாமினியில் தட்டச்சாகி இருக்கும். பாமினி, எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடாகிய யூனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்ட எழுத்துரு. அதை வெட்டி எடிட்டிங் செயலியில் ஒட்டினால் புள்ளியெல்லாம் அரைப்புள்ளியாகி ஆங்கிலக் குப்பை வரும். முதலில் பாமினி–யூனிகோட் மாற்றியில் போட்டு மாற்றி, பிறகு கண்ணால் ஒருதரம் படியுங்கள். இலக்கங்களும் மேற்கோள் குறிகளும் மாறிப் போயிருக்கலாம்.

யூனிகோட் ஆன பிறகும் கொ, கோ, கௌ போன்றவை பிரிந்து நின்றால் பிழை மென்பொருளில். பிரீமியர் புறோ என்ற எடிட்டிங் மென்பொருளில் கிராபிக்ஸ் விருப்பத் தெரிவில் எழுத்து இயந்திரத்தைத் தெற்காசிய, மத்திய கிழக்கு வகைக்கு மாற்ற வேண்டும். போனில் கப்கட், விஎன் போன்றவற்றில் செயலியோடு வரும் அலங்கார எழுத்துருக்கள் பல தமிழுக்குச் செய்தவை அல்ல. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கற்றமரன், கவிவனார் ஆகியவை இலவசமாகக் கிடைப்பவை. அவற்றில் ஒன்றை இறக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். கப்கட்டில் முன்பு இலவசமாக இருந்த வசதிகள் பல இப்போது கட்டணப் பக்கம் போய்விட்டன. விஎன் நீர்முத்திரை இல்லாமல் வெளியே தருகிறது. வெட்டி ஒட்டும் அளவு வேலைக்கு அது போதும்.

யூரியூப்பில் தனி வசனக் கோப்பு ஏற்றுவதானால் நோட்பாட்டில் எஸ்ஆர்ரி வடிவில் எழுதி, சேமிக்கும்போது யூரிஎஃப்-8 என்பதைத் தெரிவு செய்யுங்கள். தவறினால் திரை முழுக்கக் கேள்விக்குறி. ஒரு வரியில் ஐந்தாறு சொல்லுக்கு மேல் வேண்டாம். தமிழ்ச் சொல் நீளம். போன் திரை அகலம் இல்லை.

ஏற்றுவதும் விற்பதும்

1080 தரத்தில் 30 பிரேமுக்கு யூரியூப் பரிந்துரைக்கும் வேகம் செக்கனுக்கு 8 மெகாபிற். நிமிடத்துக்கு 60 மெகாபைற், மூன்று நிமிட வீடியோ 180. டேற்றா இறுக்கமானால் 720 தரம், 5 மெகாபிற். அதே மூன்று நிமிடம் ஏறக்குறைய 112. முகம் பார்த்து வாசிக்கும் வீடியோவுக்கு இரண்டுக்கும் போன் திரையில் பெரிய வித்தியாசம் தெரியாது. 15 நிமிடத்துக்கு மேற்பட்டதை ஏற்றவும் சொந்த முகப்புப் படம் வைக்கவும் கணக்கைப் போன் இலக்கத்தால் உறுதிப்படுத்த வேண்டும். முகப்புப் படம் 1280க்கு 720; அதில் நூலின் முழு அட்டையைப் போட்டால் தலைப்பு எறும்பு அளவுக்குச் சுருங்கும். வாசித்த பகுதியிலிருந்து நான்கு சொல்லைப் பெரிதாகப் போடுங்கள்.

2024 ஒக்டோபர் 15இலிருந்து மூன்று நிமிடம் வரையான நிமிர்ந்த வீடியோ யூரியூப்பில் ஷோர்ட்ஸாகப் போகிறது. புதிய கண்களுக்கு அது நல்ல வாசல். ஆனால் 2023 ஓகஸ்ற் 31இலிருந்து ஷோர்ட்ஸின் விளக்கத்திலும் கொமன்றிலும் போடும் இணைப்புகளைத் தட்டித் திறக்க முடியாது. நூல் வாங்கும் இணைப்பை அங்கே போட்டுவிட்டு ஓடர் வரவில்லையே என்று காத்திருப்பவர் பலர். இணைப்பு வேலை செய்ய வேண்டுமானால் படுக்கை வடிவில், சாதாரண வீடியோவாக ஏற்றுங்கள். விளக்கத்தின் முதல் இரண்டு வரிதான் விரிக்காமலே தெரியும். ஆகவே நூற்பெயர், விலை, எங்கே கிடைக்கும் என்பவை அங்கேயே வர வேண்டும். ஐஎஸ்பிஎன் அடுத்த வரியில் வரலாம். நூலின் மின்பிரதி ‘நூலகம்’ என்ற ஈழத்து மின்னூலகத் தளத்தில் இருந்தால் அந்த இணைப்பையும் சேருங்கள். இலவசமாகப் பார்த்தவர் அச்சுப் பிரதி கேட்பது இங்கே புதிதல்ல.

வட்ஸ்அப் குழுக்களில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பினால் அது நசுக்கி அனுப்பும். ஆவணமாக இணைத்தால் 2 ஜிகாபைற் வரை பதிந்தபடியே போகும். பின்னணிக்குச் சினிமாப் பாட்டைப் போடாதீர்கள். யூரியூப் தானே கண்டுபிடித்து உரிமை கோரும், சில வேளை ஒலியையே அடைக்கும். வாசிப்புக்குப் பின்னணி இசை வேண்டுமா என்பதே கேள்வி. எங்கள் காதுக்கு வேண்டாம்.

யார் வாங்க வேண்டாம்

நடந்தபடி கதைப்பவர்கள், வயற்கரையிலும் சந்தையிலும் நின்று எடுப்பவர்கள் இதை வாங்க வேண்டாம்; கம்பி காலைக் கட்டும். அவர்களுக்குக் கம்பியில்லா மைக்தான் வழி. ஆனால் கே8, கே9 என்று பெட்டியில் எழுதி வரும் பெயர் தெரியாத மலிவுச் சாமான்களில் சத்தக் குறைப்பு எந்நேரமும் ஓடி, சொல்லின் கடைசி அசையை விழுங்கும். தமிழில் வினையின் பாலும் எண்ணும் கடைசி அசையில்தான் நிற்கின்றன. “வந்தான்”, “வந்தாள்” இரண்டும் “வந்தா” என்று கேட்டால் கதை போய்விடும். அந்த விலைக்கு இந்தக் கம்பியே மேல். இருவர் எதிரெதிரே இருந்து உரையாடும் பேட்டிக்கும் இது ஒன்று காணாது. நடுவே மேசையில் வைத்தால் இருவர் குரலும் வரும், அறையும் சேர்ந்து வரும். ஆளுக்கொரு பழைய போன், ஆளுக்கொரு மைக் என்றால் நல்லாகச் செய்யலாம்.

தனியே மேசையில் இருந்து வாசிக்கும் கவிஞருக்கும் கதைக்காரருக்கும் தயங்காமல் சொல்லலாம். வாங்கும்போது உங்கள் போனையும் அடப்டரையும் கையோடு கொண்டு போய், அந்த நகத் தட்டுச் சோதனையைக் கடையிலேயே செய்துவிட்டுக் காசு கொடுங்கள். இதே உருவில் போலிகளும் புழங்குகின்றன. பதிந்து கேட்கும்போது குரலுக்குப் பின்னால் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் தடித்து நின்றால் வேறொன்றைத் திறக்கச் சொல்லுங்கள். போனில் மட்டும் பாவிப்பவர்கள் வீட்டுக்கு வந்ததும் உருளைக்குள் இருக்கும் எல்ஆர்44 பற்றரியைக் கழற்றி வேறாக வையுங்கள். கடற்கரை ஈரத்தில் அது கசிந்தால் தகடு பச்சை பிடிக்கும். பிறகு ஒரு நாள் கமராவில் செருக நினைக்கும்போது சுவிட்சைத் தள்ளியும் சத்தம் வராது.